சூசையப்பரின் கை

ஐப்பசி மழையில் கோயில் பரண் ஒழுகி
வைக்கோல் பெட்டிக்குள் கிடந்த சூசையப்பருக்கு
வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.
பிடித்திருந்த கோலையும் காணோம்.
‘சவரிமுத்து அண்ணே, நாளைக்கு ராத்திரிப் பூசை’ என்று
மன்றத்துப் பையன்கள் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து
என் பட்டறையில் இறக்கினார்கள்,
பிரித்துப்போட்ட லம்பார்டினி எஞ்சினுக்கும்
டீசல் கேனுக்கும் நடுவில்.

முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார்கள்.
உப்பனாற்றின் மேல் பனி.
சிப்காட் காற்று அழுகிய பழம்போல்
வந்து வந்து போகிறது.

எம்-சீல் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
பிசையப் பிசைய
இரண்டும் போய்ச் சாம்பல்.
இறுகும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
ஓர் ஆணின் கையை,
அதுவும் ஒரு சாமியின் கையை,
முதல் முறையாக.

பைபிளில் இவருக்கு
ஒரு வசனம்கூட இல்லை.
தூதர் பேசுகிறார், இடையர்கள் பேசுகிறார்கள்,
ஏரோதுகூடப் பேசுகிறான்.
இவர் எழுந்திருக்கிறார்,
சொன்னதைச் செய்கிறார்.

எங்கள் ஓலையை மூன்றாம் முறை வாசித்த ஞாயிறு
‘தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்’ என்றார் சாமியார்.
கோயிலில் ஒருவரும் இருமக்கூட இல்லை.
சாயங்காலம் செலஸ்தீனே வந்து சொன்னாள்.
மூன்று மாதம் என்றாள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
பெருந்தன்மை ஒன்றுமில்லை,
நாக்கு எழவில்லை.

மங்களூருக்குப் போய்விடலாம்,
அங்கே போட்டு வேலை கிடைக்கும்,
ஓடிப்போனவன் என்று ஊர் என்னையே திட்டட்டும் என்று
பையில் இரண்டு லுங்கியும் ஸ்பேனர் செட்டும் வைத்தேன்.
அன்று ராத்திரி எனக்குத் தூதர் வரவில்லை.
கொசுதான் வந்தது.

விடியலில் அவள் வந்தாள்,
நிச்சயத்துக்கு நான் போட்ட கைக்கடிகாரத்தைத்
திருப்பிக் கொடுக்க.
‘அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுது’ என்றாள்,
யாரிடமும் குறையை மறைக்கத் தெரியாதவள்.
நான் மெக்கானிக்.
கழற்றிப் பார்க்காமல் எப்படி வாங்குவது?
லென்சை மாட்டி, மூடியைத் திறந்து,
ஒரு மணல் பருக்கையை எடுத்தேன்.
மணியைத் திருத்தி
அவள் கையிலேயே கட்டிவிட்டேன்.
அதுதான் என் பதில் என்று
அந்த நேரத்தில் இருவருக்குமே தெரியாது.

பிறகு மொனிக்கா.
பால்வாடி விண்ணப்பத்தில் ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில்
பேனா ஒருமுறை நின்றது.
இரண்டாம் முறை நிற்கவில்லை.
பத்தாவது முடிந்த மே மாதம்
அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னாள் செலஸ்தீன்.
நான் துறைமுகத்திலேயே இருட்டும்வரை சுற்றினேன்.
வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டது:
‘அப்பா, ரீசார்ஜ் போடறியா?’

கன்னி எப்படிப் பெற்றாள் என்று
வாதாடுகிறவர்கள் வாதாடட்டும்.
மூன்று ராஜாக்கள், பொன், தூபம், வால்நட்சத்திரம்
இதெல்லாம் எனக்குத் தூரம்.
அந்தக் கதைக்குள் நான் நுழைந்தது
பின்பக்கக் கதவு வழியாக,
ஒட்டகங்களுக்குப் பின்னால் நிற்கும்
இந்த ஒருவனைப் பார்த்து.
விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது
இன்றைக்கும் சில வரிகளில் என் வாய் மட்டும் அசையும்.
‘மனிதரானார்’ என்ற இடத்தில்
குரல் தானாக வந்துவிடுகிறது.

தொலைந்த கோலுக்குப் பதில்
பழைய எஞ்சினின் புஷ்ராடு ஒன்றைத் தேய்த்துப்
புதுக் கைக்குள் செருகினேன்.
நேராக நின்றது.

பூசை மணி பன்னிரண்டுக்கு அடித்தது.
பாலனை ஏந்திப்போய்க் குடிலில் வைக்க
இந்த வருஷம் மொனிக்காவின் முறை.
வைத்தவள் திரும்பி வராமல் குனிந்து
சூசையப்பரைச் சாணளவு முன்னால் நகர்த்தினாள்.
உபதேசியார் முகம் சுளித்தார்.
‘அங்க நின்னா புள்ள முகம் தெரியாது’ என்றாள் அவரிடம்.

அப்போதுதான் கவனித்தேன்.
சாம்பல் மணிக்கட்டில்
என் கட்டைவிரல் ரேகை,
கிரீஸோடு சேர்ந்து இறுகியிருந்தது.
பெயிண்ட் அடிக்க மறந்திருக்கிறேன்.
இருக்கட்டும்.